ஊதுகிறவனின் காது

எய்லாத்
1978 அக்டோபர் 26

மலைமேல் இருக்கும் அண்ணன் மக்லூஃபுக்கு, கடலோரத்திலிருந்து தங்கை ஃப்ரீஹா எழுதுவது.

நான் சுகம். பண்டிகைகள் முடிந்து வீடு மறுபடியும் வெறிச்சென்று ஆகிவிட்டது. உன் உடம்பு எப்படி இருக்கிறது? சஃபேத்தில் குளிர் தொடங்கியிருக்கும். கம்பளிச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொள்.

முக்கியமான செய்தி, எனக்கு போன் வந்துவிட்டது! ஏழு வருஷத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரர் மனுப் போட்டது. அவர் போய் மூன்று வருஷம் கழித்து அவர் பெயருக்கே வந்திருக்கிறது. மாட்ட வந்த ஆள், "ஐயா எங்கம்மா, கையெழுத்துப் போடணுமே" என்றான். "அவரை நீ போன் போட்டுத்தாம்பா கூப்பிடணும்" என்றேன். பாவம், சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றான்.

என் மகன் கப்பலில் இருக்கிறான். ஏதாவது துறைமுகம் வந்தால்தான் கூப்பிடுவான். வேறு யார் இருக்கிறார்கள்? நீதான். எண்ணைக் கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். உங்கள் தபால் நிலைய வாசலில் போன் பெட்டி இருக்கிறதே, அங்கிருந்து வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, சனிக்கிழமை ஓய்வுநாளுக்கான வேலைகள் நெருக்குவதற்கு முன்னால், கூப்பிடு. வாங்கச் சோம்பல்படுவாய் என்று ஆறு போன் டோக்கன் உறைக்குள் வைத்திருக்கிறேன். தொலைந்துவிடக் கூடாது என்று நடு ஓட்டையில் நூல் கோத்திருக்கிறேன்.

சோரா எப்படி இருக்கிறாள்? நானும் அவளும் மொராக்கோவில் ஒரே முற்றத்தில் பல் முளைத்து, ஒரே முற்றத்தில் பல் விழுந்தவர்கள். இந்த மாதம் நம் யூதப் புத்தாண்டுக்கு அவளால் ஜெபக்கூடத்துக்கு வர முடிந்ததா? இல்லையென்றால் நீ அவள் வீட்டுக்குப் போய் ஆட்டுக் கொம்பு ஊதினாயா? எழுது. இல்லை, எழுதாதே. போனில் சொல்.

உன் குரலைக் கேட்டு மூன்று வருஷம் ஆகிறது.

உன் தங்கை
ஃப்ரீஹா

*

சஃபேத்
1978 நவம்பர் 14

தங்கை ஃப்ரீஹாவுக்கு, ஆண்டவன் உன் வாசலைக் காக்கட்டும்.

கண், பல், முழங்கால் மூன்றும் நலம். பசியும் நலம். கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

போன் வந்ததில் எனக்கும் மகிழ்ச்சி. டோக்கன்கள் ஆறும் வந்து சேர்ந்தன. ஆனால் அந்தப் பெட்டி மாதத்தில் பாதி நாள் பழுது. மேலும், நம் வயதுக்குக் கடிதம்தான் சரி. உதாரணத்துக்கு, வகுப்பில் வாயால் சொன்ன பாடம் மணி அடித்ததும் காற்றில் போய்விடும். கரும்பலகையில் எழுதிப் போட்டது மறுநாள் காலையிலும் இருக்கும்.

இருபத்திரண்டாவது வருஷமாக இந்தப் புத்தாண்டுக்கும் நானே கொம்பு ஊதினேன். நூற்றொரு ஊதல். நம் ஜெபக்கூடத்து வக்னின்தான் என் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகப் பெயர் சொன்னான். 'தெக்கியா' என்றால் நீளமாக ஒன்று. 'ஷெவாரீம்' என்றால் மூன்று பெருமூச்சு. 'தெருவா' என்றால் ஒன்பது விம்மல். அவனுக்கு உதடு பெரியது. அது அசைவதைப் பார்த்தாலே எனக்குப் போதும்.

சோராவால் படி இறங்க முடியவில்லை. ஜெபம் முடிந்ததும் கொம்பைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முப்பது ஊதல் ஊதினேன். கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். முடிந்ததும் என் சட்டைக் கையைப் பிடித்து ஏதோ சொன்னாள். நான் தலையாட்டிச் சிரித்தேன். ஒரு கணம் அவள் முகம் எப்படியோ ஆயிற்று. பிறகு அவளும் சிரித்தாள். வழக்கமாகச் சொல்லும் வாழ்த்தாக இருக்கும்.

வாத்தியாராக இருந்தபோது கொம்பின் அர்த்தத்தை மூன்றாம் வகுப்புக்கு நான் இப்படிச் சொல்வது வழக்கம். காலையில் நான் வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிடுகிறேன், நீங்கள் 'உள்ளேன்' என்கிறீர்கள். வருஷத்துக்கு ஒருமுறை மேலே இருப்பவர் பதிவேட்டைத் திறக்கிறார். அவர் கூப்பிடும் குரல்தான் கொம்பு. எல்லாரும் ஊத வேண்டியதில்லை. காதில் விழுந்தால் போதும். கட்டளை ஊதுவதில் இல்லை, கேட்பதில் இருக்கிறது.

நீ நன்றாகச் சாப்பிடு.

அண்ணன்
மக்லூஃப் அஸ்ரான்

*

எய்லாத்
1978 டிசம்பர் 3

ஊரெல்லாம் கேட்க ஊதிவிட்டு, தங்கையிடம் ஒரு வார்த்தை பேசாத அண்ணனுக்கு,

நான் சுகம். நீயும் சுகம் என்று எழுதியிருக்கிறாய், நம்புகிறேன்.

நாலு வெள்ளிக்கிழமை காத்திருந்தேன். மூன்றாவது வெள்ளி போன் அடித்தது. அடுப்பில் குழம்பை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். "மீன் கடைங்களா?" என்றான் ஒருத்தன். "மீன் இல்லப்பா, கிழவி ஒருத்திதான் இருக்கா" என்றேன். "மன்னிச்சுக்குங்கம்மா" என்று வைத்துவிட்டான். அவன் இன்னும் இரண்டு வார்த்தை பேசியிருந்தால் வேண்டாம் என்றிருக்க மாட்டேன்.

போன் பெட்டி பழுதா? வக்னினின் மகள் அலீஸ் என் தெருவில்தான் குடியிருக்கிறாள். அவள் அம்மா வாராவாரம் அதே பெட்டியிலிருந்துதான் கூப்பிட்டு மருமகனைத் திட்டுகிறாள். "பெட்டிக்கு என்ன கேடு, அது அம்மாவையே தாங்குது" என்கிறாள் அலீஸ். வாத்தியார் பொய் சொன்னால் யார் தண்டனை கொடுப்பது?

விளையாட்டுக்கு இல்லை அண்ணா. எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. நீ ஒரே ஒரு தடவை கூப்பிட்டு, நான் கேட்பதற்குப் பதில் சொன்னால், என் மனதில் இருக்கும் ஒரு விஷயம் பொய் என்று ஆகிவிடும். எனக்கு அது வேண்டும்.

வெள்ளி, இரண்டு மணி.

ஃப்ரீஹா

*

சஃபேத்
1979 ஜனவரி 8

தங்கை ஃப்ரீஹாவுக்கு, இந்தக் கடிதத்தை உட்கார்ந்துகொண்டு படி.

கண், பல், முழங்கால் நலம். இங்கே பனி கொட்டி, பஸ் மூன்று நாள் வரவில்லை. தபாலும் போகவில்லை.

சோரா போய்விட்டாள். விளக்குப் பண்டிகையில் நான்காம் விளக்கு ஏற்றிய மாலை, தூக்கத்திலேயே. மறுநாள் அடக்கம் செய்தோம். ஈரத்தில் கால் வழுக்காமல் இருக்க எல்லாரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு மயானத்துக்கு இறங்கினோம். நான் வக்னின் தோளைப் பிடித்திருந்தேன். சோராவின் மகள் சுல்தானா என்னிடம் வந்து நெடுநேரம் பேசினாள். அழுதுகொண்டே பேசினாள். தலையாட்டிக்கொண்டு நின்றேன்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். சட்டம் தெரியாதவள்தானே நீ, உன் மனதுக்குப் பட்டதைச் சொல். ஒருவன் பாழுங்கிணற்றுக்குள் இறங்கி நின்று கொம்பு ஊதுகிறான் என்று வைத்துக்கொள். மேலே நிற்கிறவள் காதில் விழுவது கொம்பின் சத்தமா, கிணற்றின் எதிரொலியா? எதிரொலி என்றால் அவள் கேட்டது கணக்கில் சேராது என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அவளுக்கு அது தெரியாது. நம்பிக் கேட்டாள். அடுத்த வருஷம் கேட்டுக்கொள்ளலாம் என்றால், அவளுக்கு அடுத்த வருஷம் இல்லை. அப்போது கிணற்றில் நின்றவன் என்ன செய்வது?

சும்மா ஓர் உதாரணத்துக்குக் கேட்டேன். பதில் எழுத வேண்டாம்.

மக்லூஃப்

*

எய்லாத்
1979 ஜனவரி 23

மக்லூஃப் அண்ணாவுக்கு,

சோரா செத்து இருபது நாளுக்கு மேல் கழித்து உன் கடிதம் வந்தது. அந்த இருபது நாளும் அவள் உயிரோடு இருக்கிறாள் என்று நினைத்து, அவளுக்காக வீட்டு எலுமிச்சம்பழம் ஒரு ஜாடி உப்பில் போட்டு வைத்திருக்கிறேன். அலீஸுக்கு அன்று மாலையே தெரியுமாம். சோரா எனக்கு யார் என்று அவளுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்.

ஆறு டோக்கன் கொடுத்தேனே. ஒன்றைப் போட்டு "சோரா போயிட்டா" என்று இரண்டு வார்த்தை சொல்ல உனக்கு மனது வரவில்லையா? கிணறு, எதிரொலி என்று கதை எழுத மட்டும் மனது வந்ததா?

இனி நீ கூப்பிடும்வரை என்னிடமிருந்து கடிதம் வராது. உடம்பைப் பார்த்துக்கொள்.

ஃப்ரீஹா

*

எய்லாத்
1979 ஏப்ரல் 4

அண்ணாவுக்கு,

சொன்ன சொல்லைக் காப்பாற்ற முடியவில்லை. நீயும் கூப்பிடவில்லை, எழுதவும் இல்லை. இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டால் அம்மா அப்பாவின் குடும்பம் என்று ஒன்று இருந்ததற்கு அடையாளமே இல்லை. அதனால் நானே தோற்கிறேன்.

சுகம் என்று எழுத முடியாது. பஸ்கா பண்டிகைக்கு ஒரு ரொட்டித் துணுக்குகூட வீட்டில் இருக்கக் கூடாது என்று கழுவும்போது படியில் வழுக்கி இடது கால் எலும்பு முறிந்துவிட்டது. கட்டுப் போட்டுப் படுக்க வைத்திருக்கிறார்கள். அலீஸ் காலையில் வந்து அடுப்படியைத் தேய்த்துவிட்டு, "ஃப்ரீஹா அத்தை, ரொட்டித் துணுக்கைத் தேடச் சொன்னா நீங்க காலை உடைச்சுட்டு நிக்கிறீங்க" என்று வைதுவிட்டுப் போகிறாள்.

போன் கூடத்தில் இருக்கிறது. கட்டிலிலிருந்து பத்தடி. நேற்று அடித்தது. பதினெட்டு தடவை எண்ணினேன். எழுந்து போக முடியவில்லை. நின்றுவிட்டது. நீயா?

பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமையும் அடித்தது. அன்று எடுத்தேன். "யாரு? யாருங்க?" என்று பத்துத் தடவை கேட்டேன். மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது. வைத்துவிட்டார்கள்.

உன் கடிதங்களை எல்லாம் எடுத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன், வேறு வேலை இல்லை. கண் நலம், பல் நலம், முழங்கால் நலம் என்று ஒவ்வொன்றிலும் எழுதியிருக்கிறாய். பள்ளிக்கூடத்து ஆள் ஒன்றை விட்டுவிட்டுப் பட்டியல் போட மாட்டானே என்று யோசித்தேன்.

நல்ல பண்டிகையாக இருக்கட்டும்.

ஃப்ரீஹா

*

சஃபேத்
1979 மே 6

என் தங்கை ஃப்ரீஹாவுக்கு, உன் கால் எலும்பு நேராகக் கூடட்டும்.

நேற்று வரை நான்கு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது.

ஏப்ரலில் அடித்தது நான் இல்லை. பிப்ரவரியில் மூச்சு விட்டது நான்தான். பெட்டியில் ஒரு டோக்கனைப் போட்டு எண்ணைச் சுழற்றினேன். கண்ணாடிக்குப் பின்னால் டோக்கன் 'டக்'கென்று உள்ளே விழுந்தது. அப்படியென்றால் மறுபக்கம் எடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். நீ எடுத்துவிட்டாய். பேசியிருப்பாய். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, ஃப்ரீஹா. கடலும் கேட்கவில்லை, நீயும் கேட்கவில்லை. வைத்துவிட்டேன்.

எனக்குக் காது போய்விட்டது.

ஒரே நாளில் போகவில்லை. முதலில் சிட்டுக்குருவிகள் போயின. இந்த வருஷம் குருவி குறைவு என்று நினைத்துக்கொண்டேன். பிறகு தேநீர்க் கெண்டியின் விசில். பள்ளியில் கடைசி இரண்டு வருஷம் வருகைப் பதிவு எடுக்கும்போது, பெயர் கூப்பிட்டுவிட்டு வாயைப் பார்த்துத்தான் குறித்தேன். லாரியும் இடியும் இப்போதும் நெஞ்சில் தெரிகின்றன. மெல்லிய சத்தமெல்லாம் போய்விட்டது. கொம்பின் சத்தம் மெல்லியது.

சென்ற புத்தாண்டுக்கு நான் நூற்றொரு ஊதல் ஊதினேன் அல்லவா? ஒன்றுகூட என் காதில் விழவில்லை. உதட்டில் அதிர்வு தெரிந்தது. வக்னின் வாயைப் பார்த்து ஊதினேன். சரியாக முடிந்ததா என்று ஜனங்கள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

உனக்குச் சட்டத்தைச் சொல்கிறேன். கேட்பதுதான் கட்டளை. அறவே காது கேளாதவனுக்கு அந்தக் கட்டளை இல்லை. கட்டளை இல்லாதவன் மற்றவர்களுக்காக ஊதவும் முடியாது. அணைந்த விளக்கை வைத்து இன்னொரு விளக்கை ஏற்ற முடியாதல்லவா, அது போல. அன்று ஜெபக்கூடத்தில் நாற்பது பேர் நின்றார்கள். யாரும் கேட்டதாக ஆகாது. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஊதினேன். ஏன் என்று கேட்பாய். அந்த ஒரு நாள்தான் எல்லாரும் என் பக்கம் திரும்பி நிற்பார்கள். மற்ற நாட்களில் நான் மூலையில் உட்கார்ந்து தலையாட்டுகிறவன்.

நாற்பது பேருக்கு அடுத்த வருஷம் உண்டு. சோராவுக்கு இல்லை. அவளுடைய கடைசிக் கொம்பை நான் கெடுத்துவிட்டேன்.

தெருவாவை எப்படி ஊதுவது என்று பெரியவர்களுக்குள் ஒரு காலத்தில் சந்தேகம் வந்ததாம். வேதத்தில், போரிலிருந்து திரும்பாத எதிரிப் படைத்தலைவனின் தாய் ஜன்னலோரம் நின்று அழுதாளே, அந்த அழுகையை அளவாக எடுத்துக்கொண்டார்களாம். வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு நீ போன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதை நினைக்கும்போதெல்லாம் அதுதான் ஞாபகத்துக்கு வருகிறது.

யாருக்கும் தெரியாது. யாரிடமும் சொல்லாதே. புத்தாண்டுக்கு முந்தின எலூல் மாதம் பிறந்துவிட்டால் தினமும் விடியலில் ஊத வேண்டும். என்ன செய்யப் போகிறேன் என்று தெரியவில்லை.

மக்லூஃப்

*

எய்லாத்
1979 மே 23

என் அண்ணாவுக்கு,

கால் கூடிக்கொண்டு வருகிறது. கோலூன்றிக் கூடம்வரை போகிறேன். என்னைப் பற்றி இவ்வளவு போதும்.

இப்போது நான் மறைத்ததைச் சொல்கிறேன். சென்ற நவம்பரில் சோரா எனக்குக் கடிதம் எழுதியிருந்தாள். சுல்தானா கையால் எழுத வைத்தது. அதில் இருந்ததை அப்படியே தருகிறேன்:

"ஃப்ரீஹா, ஒங்க அண்ணனுக்குக் காது கேக்கலைடி. எங்க வீட்டு நாய் தெருவே அதிர்ற மாதிரி குரைக்குது, அவன் திரும்பக்கூட இல்ல. ஊதி முடிச்சதும் கையைப் பிடிச்சு நேராவே கேட்டேன், 'மக்லூஃப், ஒனக்குக் காது கேக்கலைதானே?'ன்னு. அழகா தலையாட்டிச் சிரிச்சான். அப்புறம் நானும் சிரிச்சு வச்சேன். அவன் போனப்புறம் சுல்தானாவை விட்டுக் கீழ்த்தெரு ஜெபக்கூடத்து ஆளை அழைச்சிட்டு வரச் சொல்லி மறுபடி முப்பதும் கேட்டுக்கிட்டேன். அந்த ஆள் ஊதினது கழுதை கத்தின மாதிரி இருந்துச்சு. ஒங்க அண்ணன் ஊதினதுதான் ஊதல். இத அவன்கிட்ட சொல்லாத. அவனே சொல்லட்டும்."

அண்ணா, சோரா கேட்டுவிட்டுத்தான் போனாள். அவள் கணக்கில் ஒன்றும் குறையவில்லை. மயானத்தில் சுல்தானா உன்னிடம் அழுதுகொண்டே சொன்னதும் இதுவாகத்தான் இருக்கும்.

நான் நம்பவில்லை. சோரா எதையும் பெரிதாக்கிச் சொல்லுவாள். அதனால்தான் கூப்பிடு, கூப்பிடு என்று உயிரை எடுத்தேன். ஒரு தடவை நீ போனில் பதில் சொல்லிவிட்டால் அவள் சொன்னது பொய்யாகிவிடும். நீ கூப்பிடாத ஒவ்வொரு வெள்ளியும் அது நிஜமாகிக்கொண்டே வந்தது. ஜனவரியில் உன்னைத் திட்டி எழுதியபோதும் எனக்குப் பாதி தெரியும். தெரிந்துதான் திட்டினேன். அதற்கு என்னை மன்னித்துவிடு.

நாற்பது பேர் விஷயம் உன்னுடையது. உங்கள் ஜெபக்கூடத்து ரப்பியிடம் போய்ச் சொல். எலூல் பிறப்பதற்கு முன்னால் சொல்.

ஃப்ரீஹா

*

சஃபேத்
1979 ஆகஸ்ட் 30

தங்கை ஃப்ரீஹாவுக்கு, நீ கோல் இல்லாமல் நடக்கும் நாள் சீக்கிரம் வரட்டும்.

கண், பல், முழங்கால் நலம். காது இல்லை. இனி இப்படியே எழுதுகிறேன்.

உன் கடிதத்துக்குப் பதில் எழுத மூன்று மாதம் ஆயிற்று. ரப்பி ரஹமீம் வீட்டு வாசல்வரை ஆறு தடவை போய்த் திரும்பினேன். எலூல் பிறப்பதற்கு முந்தின வாரம் ஒரு சிலேட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். சொன்னேன். அவர் வக்னினை அழைத்துவரச் சொன்னார். மூன்று பேரும் ஆளில்லாத ஜெபக்கூடத்துக்குப் போனோம்.

ரப்பி சிலேட்டில் எழுதினார்: "சுவரைப் பார்த்து நில்லுங்கள். கொம்பு கேட்டால் கையைத் தூக்குங்கள்."

சுவரைப் பார்த்து நின்றேன். நான் எத்தனையோ பிள்ளைகளை அப்படி நிற்க வைத்திருக்கிறேன், அது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. சுண்ணாம்பில் ஒரு வெடிப்பு இருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கட்டத்தில் கேட்டது போல இருந்தது. கையைத் தூக்கினேன். நன்றாக உயரத் தூக்கினேன். திரும்பிப் பார்த்தால், வக்னின் கொம்பைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் ஊதி முடித்து வெகுநேரம் ஆகியிருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. வக்னின் என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினான். பிறகு கத்தினான். அவன் கத்தினால் எனக்குப் படிக்க எளிது.

"போன வருஷமே சொல்லித் தொலைச்சிருக்கலாம்லய்யா! நான் ஒன் வாயையே பாத்துட்டு நின்னேன், நீ என் வாயையே பாத்துட்டு நின்னியா?"

சென்ற வருஷத்து நாற்பது பேரைப் பற்றிக் கேட்டேன். ரப்பி எழுதினார்: "நம்பி வந்தார்கள், நம்பி நின்றார்கள். நடந்ததை ஆண்டவன் பார்த்துக்கொள்வார். இனிமேல் வேண்டாம்." எழுதிவிட்டு, 'இனிமேல் வேண்டாம்' என்பதை மட்டும் விரலால் அழித்து, "இனிமேல் பெயர் சொல்லுங்கள்" என்று எழுதினார்.

ஆக இந்த வருஷம் வக்னின் ஊதுவான். நான் பக்கத்தில் நின்று தெக்கியா, தெருவா என்று பெயர் சொல்வேன். "நான் ஊதினா அந்த ஆடே எழுந்து வந்து கொம்பத் திருப்பிக் கேக்கும்யா" என்கிறான். தினமும் மதியம் என் வீட்டுக்கு வந்து பழகுகிறான். அவன் கன்னத்தைப் பார்த்துத் திருத்துகிறேன். கொம்பை அவன் வீட்டுக்கே கொடுத்துவிட்டேன். அது தொங்கிய ஆணி மட்டும் இங்கே இருக்கிறது.

மக்லூஃப்

*

சஃபேத்
1979 செப்டம்பர் 24

தங்கை ஃப்ரீஹாவுக்கு, உன் பெயர் நல்ல வருஷத்தில் எழுதப்படட்டும்.

இந்தப் புத்தாண்டின் முதல் நாள் ஓய்வுநாளில் விழுந்தது உனக்கும் தெரியும். ஓய்வுநாளில் கொம்பு ஊதுவதில்லை. ஊத வேண்டிய இடம் வந்தபோது ஜெபக்கூடம் முழுவதும் சும்மா நின்றது. நாற்பது பேரும் எதையும் கேட்காமல் நின்றார்கள். அந்தக் கொஞ்ச நேரம் எல்லாரும் என்னோடு இருந்தது போல இருந்தது.

நேற்று இரண்டாம் நாள். வக்னின் ஊதினான். நான் பெயர் சொன்னேன். கடைசி நீள ஊதலில் அவன் முகம் மாதுளம்பழம் போல ஆயிற்று. எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. எல்லாரும் கொம்பைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் புத்தகத்தைப் பார்த்தார்கள், அப்போது தெரிந்துகொண்டேன். வீட்டுக்கு வந்து தனியாகச் சாப்பிட்டேன்.

உன் டோக்கன்களில் ஐந்து மீதி இருக்கின்றன. அக்டோபர் நாலாம் தேதி, வியாழன், மாலை ஐந்து மணிக்கு அந்தப் பெட்டியிலிருந்து கூப்பிடுவேன். நீ எடுத்தால் டோக்கன் விழும். கண்ணாடியில் பார்த்துக்கொள்வேன். இவ்வளவு தூரத்துக்கு ஐந்தும் சீக்கிரம் விழுந்துவிடும். ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருக்கும்வரை நீ இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும்.

மக்லூஃப்

*

எய்லாத்
1979 அக்டோபர் 5

என் அண்ணாவுக்கு,

கால் நலம். கோல் கதவு மூலையில் நிற்கிறது. உன் கண், பல், முழங்கால் எப்படி?

நாலு மணிக்கே போன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். அலீஸ் எட்டிப் பார்த்து, "யாராச்சும் பொண்ணு பாக்க வர்றாங்களா அத்தை?" என்றாள். தலை சீவியிருந்தேன், அதைத்தான் சொல்கிறாள்.

முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிட்டேன். உன் பக்கம் டோக்கன் விழுந்தது எனக்கும் கேட்டது. அண்ணா, நீ எவ்வளவு சத்தமாகப் பேசுகிறாய்! காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டேன். "ஃப்ரீஹா, நான் மக்லூஃப்" என்றாய். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் வகுப்பில் பேசிய ஆளுக்குப் பேச்சு வரவில்லை. பதில் கேட்காமல் பேச யாரால் முடியும்? இரண்டாவது டோக்கன் விழுந்தது. உன் பின்னால் யாரோ, "பெரியவரே, பேசுங்க, இல்லைன்னா வழி விடுங்க" என்றான். உனக்கு அதுவும் கேட்டிருக்காது.

திடீரென்று தொண்டையைச் செருமிக்கொண்டு, பள்ளிக்கூடத்துக் குரலில் ஆரம்பித்தாய். "ஏலியாஹூ அஸ்ரான்" என்றாய். அப்பா பெயர். நிறுத்தினாய். "மஸ்ஊதா அஸ்ரான்" என்றாய். அம்மா. நிறுத்தினாய். மூன்றாவது டோக்கன். "சோரா அபித்போல்." இந்தத் தடவை கொஞ்சம் கூடுதலாக நிறுத்தினாய். நாலாவது விழுந்தது. அதுவரை நான் மூச்சுக்கூட விடவில்லை. அவர்கள் இடத்தில் நான் பேசக் கூடாது என்று இருந்தேன்.

பிறகு, "ஃப்ரீஹா அஸ்ரான்" என்றாய். கல்யாணத்துக்கு முந்தின பெயர். அந்தப் பெயரில் என்னைக் கூப்பிட உலகத்தில் வேறு யாரும் மிச்சமில்லை.

"உள்ளேன்" என்றேன்.

ஐந்தாவது விழுந்தது. லைன் போய்விட்டது. டோக்கன் விழுந்ததை நீ கண்ணாடியில் பார்த்திருப்பாய். நான் சொன்னதற்குத்தான் அது விழுந்தது என்று வைத்துக்கொள்.

இதோடு ஆறு டோக்கன் வைத்திருக்கிறேன், நூல் கோத்து. அடுத்த வியாழன், ஐந்து மணி. இந்தத் தடவை என் பெயரை முதலில் கூப்பிடு.

ஃப்ரீஹா